விதி காத்த நட்சத்திரங்கள்: கால்பந்துக் கழகங்களும் ஆட்டக்காரர் தக்கவைப்பும், 1893 முதல் 2025 வரை

பெருஞ்செலவு செய்யாமல் ஒரு கால்பந்துக் கழகம் தன் முதன்மை ஆட்டக்காரர்களைத் தன்னிடமே வைத்திருக்க முடியுமா என்னும் கேள்வி, தொலைக்காட்சிப் பணம் பெருகிய பிறகு பிறந்த புதுக் கவலை போலவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் இங்கிலாந்தில் 1885இல் தொழில்முறை ஆட்டம் ஏற்கப்பட்டு, 1888இல் பன்னிரண்டு கழகங்களுடன் கால்பந்து லீக் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, லங்காஷயர் நெசவாலை நகரங்களின் கழகங்கள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டுவிட்டன. அவை கண்டுபிடித்த விடை பணத்தில் இல்லை, விதியில் இருந்தது. அந்த விதி தளர்ந்தபோது நாட்டெல்லைகளும், எல்லைகள் திறந்தபோது நெடுங்கால ஒப்பந்தங்களும், அவையும் போதாதபோது ஊதியமும் ஊர்ப்பற்றும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. குறைந்த செலவில் நட்சத்திரங்களைத் தக்கவைத்த காலங்கள் வரலாற்றில் மெய்யாகவே உண்டு. ஆனால் அக்காலங்களில் செலவு மறைந்துவிடவில்லை, கழகத்தின் தோளிலிருந்து ஆட்டக்காரரின் தோளுக்கு அது மாற்றப்பட்டிருந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

தக்கவைப்பு–மாற்று முறை

தொழில்முறை ஆட்டத்தின் முதல் ஆண்டுகளில் ஆட்டக்காரர் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கழகத்தில் பதிவு செய்துகொண்டு ஆடினார். பருவம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அதிகக் கூலி தரும் நகரம் ஆண்டுதோறும் ஆளை இழுத்துக்கொண்டதால், சிறிய ஊர்க் கழகங்கள் ஒவ்வொரு கோடையிலும் புதிதாக அணி கட்ட வேண்டியிருந்தது. இதைத் தடுக்க 1893 முதல் லீக் நடைமுறைப்படுத்திய ஏற்பாடே தக்கவைப்பு–மாற்று முறை எனப்பட்டது. ஒருமுறை ஒரு கழகத்தில் பதிவான ஆட்டக்காரர், அக்கழகம் எழுத்தில் விடுவிக்கும்வரை லீக்கின் வேறு எந்தக் கழகத்துக்கும் ஆட முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், கழகம் தன் தக்கவைப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டால் அவர் கட்டுண்டவரே. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் ஊதியமும் கிடையாது, வேறிடத்தில் ஆட்டமும் கிடையாது. அவரை விட்டுக்கொடுக்க விரும்பும் கழகம் மற்றொரு கழகத்திடம் பெறும் விலையே மாற்றுத் தொகை; 1905இல் ஆல்ஃப் காமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்குச் சென்றபோது அது முதன்முறையாக 1,000 பவுண்டை எட்டியது.

இந்தக் கட்டுக்குத் துணையாக 1901இல் உச்ச ஊதிய வரம்பு வந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது, வெற்றிக்கென்று தனிக் கொடை தரக்கூடாது என்பது விதி. பணக்காரக் கழகம் கூடுதலாகத் தரவே முடியாது எனில் ஆட்டக்காரர் இடம் மாற விரும்புவதற்குக் காரணமே இராது என்பது அதன் கணக்கு. ஆட்டக்காரர்கள் 1907இல் மான்செஸ்டரில் பில்லி மெரிடித்தின் முன்முயற்சியில் சங்கம் அமைத்துக்கொண்டபோதும், 1912இல் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹெர்பர்ட் கிங்காபி தொடுத்த வழக்கை அச்சங்கம் தாங்கி நடத்தியபோதும், இந்த இரட்டைக் கட்டைத் தகர்க்க இயலவில்லை. வழக்கில் தோற்ற சங்கம் வழக்குச் செலவால் ஏறக்குறைய முடங்கிப்போனது.

இரட்டைக் கட்டு எவ்வளவு வலுவாக வேலை செய்தது என்பதற்குப் பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டாம் ஃபின்னியை விடத் தெளிவான சான்று இல்லை. இங்கிலாந்தின் தலைசிறந்த பக்கவாட்டு முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான அவர், ஆட்டத்தோடு குழாய் பொருத்தும் தொழிலையும் நடத்தி வாழ்ந்தவர். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கழகம் அவருக்கு 10,000 பவுண்டு கைப்பணமும், மாதம் 130 பவுண்டு ஊதியமும், வீடும் காரும் தர முன்வந்தது. அப்போது இங்கிலாந்தில் உச்ச வரம்பு வாரம் 14 பவுண்டு. பிரெஸ்டன் நிர்வாகம் மறுத்துவிட்டது, பேச்சு அங்கேயே முடிந்தது. ஃபின்னி தம் லீக் வாழ்வு முழுவதும், 433 ஆட்டங்கள், 187 கோல்கள், அந்த ஒரே கழகத்தில் ஆடினார். ஊர்மக்கள் அவர்மேல் கொண்ட அன்பும் அவர் ஊர்மேல் கொண்ட அன்பும் ஐயத்துக்கு இடமற்றவை. ஆனால் அவர் தங்கியதை விசுவாசத்தின் கதையாக மட்டும் சொல்வது அவருக்கே இழைக்கும் அநீதி. போவதா தங்குவதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை.

மறுபுறம், இந்த முறை சிறு நகரங்களுக்குச் செய்த நன்மையையும் மறுக்க இயலாது. உலகப்போருக்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் போர்ட்ஸ்மத் அடுத்தடுத்து இருமுறை, 1949இலும் 1950இலும், லீக் பட்டம் வென்றது. சுமார் 80,000 மக்கள் மட்டுமே வாழ்ந்த பர்ன்லி 1960இல் வென்றது. பர்ன்லி, கௌதோர்ப் என்னுமிடத்தில் 1955இலேயே தனிப் பயிற்சித் திடல் அமைத்து, நாட்டின் வடகிழக்கிலிருந்தும் ஐரிஷ் கடலுக்கு அப்பாலிருந்தும் இளையோரைத் திரட்டி வளர்த்த கழகம். வளர்த்த ஆளை விதியே காத்துத் தந்ததால், வளர்ப்பதில் போட்ட உழைப்பு வீணாகவில்லை. வரம்பை மீறிக் கள்ளத்தனமாகப் பணம் தந்தவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். 1957இல் சண்டர்லாந்துக்கு விதிக்கப்பட்ட 5,000 பவுண்டு தண்டம் அதற்குச் சான்று. விதி ஊதியத்தை அடக்கியதே தவிர, திறமைக்கு இருந்த மதிப்பை அடக்கவில்லை.

அந்த மதிப்பு வெளியே எப்படி இருந்தது என்பதை 1950 காட்டியது. கொலம்பியாவின் லீக் அப்போது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு வெளியே இயங்கியதால், பிற நாட்டுக் கழகங்களின் தக்கவைப்பு உரிமையை அது மதிக்கத் தேவையில்லை. ஸ்டோக் சிட்டியின் நீல் ஃபிராங்க்ளினும் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் சார்லி மிட்டனும் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்குச் சென்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் நடந்ததை அடுத்து, ரிவர் பிளேட்டின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ அந்நகரின் மில்லோனாரியோஸ் கழகத்துக்குச் சென்றிருந்தார். தக்கவைப்பு விதி எட்டாத ஓர் இடம் உலகில் இருந்தவுடனே நட்சத்திரங்கள் அங்கே சென்றார்கள் என்னும் உண்மை, தாயகத்தில் அவர்களைப் பிடித்து வைத்தது எது என்பதை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது.

இரட்டைக் கட்டின் உடைவு, ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் அறிவித்த வேலைநிறுத்த எச்சரிக்கையால் 1961 ஜனவரியில் நேர்ந்தது. வாரம் 20 பவுண்டு என்றிருந்த வரம்பு நீங்கியதும் ஃபுல்ஹாம் கழகம் தன் அணித்தலைவர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு தந்தது. அடுத்த அடி நீதிமன்றத்தில் விழுந்தது. நியூகாசில் யுனைட்டெடை விட்டு விலக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், கழகம் விடுவிக்க மறுத்ததால் 1960இல் ஆட்டத்தைத் துறந்து மாதக்கணக்கில் வேறு வேலை பார்த்தார். பிறகு 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு மாற்றப்பட்டார். அத்தோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் தமக்கு இனி எந்தத் தனிப்பயனும் இல்லாத வழக்கைச் சங்கத்தின் துணையோடு அவர் தொடர்ந்து நடத்தினார். தக்கவைப்பு விதி, தொழில் செய்யும் உரிமைமீது விழுந்த நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். கால்பந்து வரலாற்றில் கோல் அடிக்காமல் செய்யப்பட்ட மிகப் பெரிய செயல்களுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம்.

பர்ன்லிக்கு நேர்ந்ததோ வேறு. ஊதிய வரம்பு நீங்கிய பிறகு அந்தக் கழகம் வளர்ப்பதையும் விற்பதையும் சேர்த்தே செய்து பிழைக்க வேண்டியதாயிற்று. 1963இல் ஜிம்மி மெக்கில்ராயை 25,000 பவுண்டுக்கு ஸ்டோக் சிட்டிக்கு விற்றபோது ஊரே கொதித்தது. 1971இல் ரால்ஃப் கோட்ஸ் டாட்டன்ஹாமுக்குப் போனார். 1985இல் கழகம் நான்காம் பிரிவுக்கு இறங்கியது. இந்தச் சரிவுக்கு நிர்வாகப் பிழைகளும் காரணம் என்றாலும், விலைக்கு விற்று வாழும் கழகம் ஒரு தலைமுறைத் திறமை குறைந்தாலே தடுமாறிவிடும் என்னும் பாடத்தை அதன் வரலாறு தருகிறது.

எல்லைகள் செய்த காவல்

ஐரோப்பாவின் பெருநிலத்தில் சட்டத்தோடு நாட்டெல்லையும் காவலாக நின்றது. ஸ்பெயின் 1960களின் தொடக்கத்திலிருந்து 1973 வரையிலும், இத்தாலி 1966 முதல் 1980 வரையிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் புதிதாகச் சேர்ப்பதைத் தடுத்திருந்தன. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகம் 1971 முதல் 1973 வரை தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது, பெரும்பாலும் தன் மண்ணில் வளர்ந்த இளைஞர்களை வைத்துத்தான். ஆனால் அவர்களை வாங்கும் வசதி படைத்த இரண்டு சந்தைகள் அந்த ஆண்டுகளில் மூடியிருந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பெயின் 1973இல் கதவைத் திறந்த அதே கோடையில் யோஹான் க்ரைஃப் பார்சலோனாவுக்குச் சென்றார்.

பிரேசிலில் சான்டோஸ் கழகம் பெலேயை 1956 முதல் 1974 வரை வைத்திருந்ததும் இரண்டு ஏற்பாடுகளால் இயன்றது. ஒன்று, ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவுரிமை கழகத்திடமே இருக்கும் என்னும் 'பாஸ்ஸே' முறை; இங்கிலாந்தின் தக்கவைப்புக்கு இணையானது. மற்றொன்று, உலகம் முழுவதும் சென்று நட்பு ஆட்டங்கள் ஆடி ஈட்டிய பணம். துறைமுக நகர் ஒன்றின் கழகம் தன் வசூலால் மட்டும் பெலேக்கு உரிய ஊதியம் தந்திருக்க முடியாது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று ஓயாமல் பயணம் செய்து, அவரை ஆடவைத்தே அவருக்கான பணத்தை அது திரட்டியது. அந்தப் பாஸ்ஸே முறையை நீக்கிய 1998ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு அமைச்சராக இருந்த பெலேயின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பதிவுரிமைப் பிணைப்பு 2001இல் முற்றாக முடிவுக்கு வந்தது. தம்மைப் பதினெட்டு ஆண்டுகள் கட்டி வைத்திருந்த ஏற்பாட்டை அடுத்த தலைமுறைக்கு இல்லாமல் செய்தவர் அவர் என்பது போற்றத்தக்கது.

போஸ்மன் தீர்ப்பும் அயாக்ஸும்

பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990 ஜூனில் முடிந்தது. கழகம் முன்பைவிட மிகக் குறைந்த ஊதியத்தில் புதிய ஒப்பந்தம் நீட்டியது. பிரான்ஸின் டன்கர்க் கழகத்துக்குச் செல்ல அவர் விரும்பியபோது மாற்று நடைமுறையை நிறைவு செய்ய மறுத்தது. ஐந்தாண்டு வழக்கின் முடிவில், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு முடிவுகளை அறிவித்தது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் உறுப்பு நாடுகளுக்கிடையே மாறும்போது மாற்றுத் தொகை கேட்கக்கூடாது; ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு வெளிநாட்டார் எண்ணிக்கை வரம்பைப் பொருத்தக்கூடாது. விதியும் எல்லையும் ஒரே நாளில் வீழ்ந்தன.

அந்த ஆண்டின் மே 24 அன்று வியன்னாவில் மிலான் அணியை 1–0 என வென்று அயாக்ஸ் ஐரோப்பாவின் வாகையராகியிருந்தது. கோல் அடித்த பேட்ரிக் க்ளைவர்ட்டுக்கு அப்போது வயது 18. அடுத்த கோடையில் எட்கர் டாவிட்ஸும் மைக்கேல் ரெய்சிகரும், அதற்கடுத்த கோடையில் க்ளைவர்ட்டும், இறுதி ஆட்டத்தில் தோற்ற அதே மிலானுக்குச் சென்றார்கள். மூவருக்கும் அயாக்ஸுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1999க்குள் ஓவர்மார்ஸ், டி போர் சகோதரர்கள், லிட்மானென், வான் டெர் சார் என அந்த அணியின் ஏறக்குறைய அனைவரும் வெளியேறிவிட்டனர். எட்டு வயதில் ஒரு சிறுவனைச் சேர்த்துப் பத்தாண்டு வளர்க்கும் உழைப்புக்கு உரிய பயன், அந்தப் பத்தாண்டு முடியும் நேரத்தில் வேறொருவர் கைக்குப் போனது. ஆட்டக்காரரின் உரிமையை முழுமனதோடு வரவேற்கும் எவரும் இந்த இழப்பைச் சிறிதென்று தள்ளிவிடக்கூடாது. பயிற்சிப் பள்ளிகளின் உழைப்பு ஈடுசெய்யப்பட வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. அதை ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டு நிறைவேற்றியதே தவறு.

அயாக்ஸ் கற்ற பாடம் எளியது: ஒப்பந்தம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க முடியாவிட்டால் விற்க வேண்டும். 2018இல் அது தன் ஊதிய அளவை உயர்த்தி டூசான் டாடிச்சையும் டேலி பிளிண்டையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. அனுபவமுள்ளவர்கள் உடன் இருந்தால் இளையோர் மேலும் ஓராண்டு தங்குவர் என்பது திட்டம். 2019இல் வாகையர் லீக் அரையிறுதியை அடைந்த அந்த அணியிலிருந்து ஃபிரெங்கி டி யோங் பார்சலோனாவுக்கும், மத்தைஸ் டி லிஃக்ட் யுவென்டஸுக்கும், ஒவ்வொருவரும் சுமார் 7.5 கோடி யூரோவுக்குச் சென்றனர். 1996இல் கைவிட்டுப் போனதை 2019இல் விலையாக மாற்ற முடிந்தது, தடுக்க முடியவில்லை.

பில்பாவோவின் வழி

இந்தப் பின்னணியில் அத்லெதிக் பில்பாவோ தனித்து நிற்கிறது. 1898இல் தோன்றிய இக்கழகம் 1912 அளவிலிருந்து பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் பயின்றவர்களையோ மட்டுமே களமிறக்கி வருகிறது. அவ்வாறிருந்தும் ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறையும் இறங்காத மூன்று கழகங்களில் ஒன்றாக, ரியல் மாட்ரிட், பார்சலோனா ஆகியவற்றோடு நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான கழகங்களைப் பங்கு நிறுவனங்களாக மாற்றியபோது விலக்குப் பெற்ற நான்கில் ஒன்று என்பதால், அது இன்றும் உறுப்பினர்களின் சொத்து. 1971இல் திறக்கப்பட்ட லெசாமா பயிற்சி வளாகம் அதன் நாற்றங்கால்.

செலவில்லாத் தக்கவைப்புக்கு இக்கழகமே முன்மாதிரி என்று சொல்வோர் பலர். அக்கூற்றை நெருங்கி ஆராய்ந்தால் வேறு உண்மை புலப்படும். ஸ்பெயினின் ஆட்டக்காரர் சங்கம் 1978இல் தோன்றி, அடுத்த ஆண்டே வேலைநிறுத்தம் செய்த பிறகு பழைய தக்கவைப்பு உரிமை தளர்ந்தது. 1985ஆம் ஆண்டின் அரசாணை 1006, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே இழப்பீடு கொடுத்து விலகும் உரிமையை ஆட்டக்காரருக்கு வழங்கியது. அந்த இழப்பீட்டை முன்கூட்டியே ஓர் எண்ணாக ஒப்பந்தத்தில் எழுதுவதே விடுவிப்புத் தொகை எனப்படுகிறது. அத்தொகை கட்டப்பட்டுவிட்டால் கழகத்தின் சம்மதம் தேவையில்லை. 2012இல் ஹாவி மார்ட்டினெஸ் 4 கோடி யூரோவுக்குப் பயர்ன் மியூனிக்குக்கும், 2018 ஜனவரியில் எமெரிக் லப்போர்ட் 6.5 கோடிக்கு மான்செஸ்டர் சிட்டிக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் கெப்பா 8 கோடிக்குச் செல்சிக்கும் சென்றது இந்த வழியில்தான். கெப்பாவுக்குத் தரப்பட்டது கோல்காப்பாளர் ஒருவருக்கு அதுவரை உலகில் எவரும் தராத தொகை. பில்பாவோவும் எல்லாரையும் தக்கவைக்கவில்லை. போகிறவர் முழு விலை தந்து போகட்டும் என்பதில் மட்டும் அது அசையாமல் நின்றது.

அந்தப் பணம் போன இடமே முதன்மையானது. உலகச் சந்தையில் மாற்று ஆள் வாங்க இயலாத கழகத்துக்கு, கையில் இருக்கும் ஆட்டக்காரரின் மதிப்பு சந்தை மதிப்பைவிட அதிகம். பேச்சுவார்த்தையில் அமரும்போது அந்த ஆட்டக்காரருக்கும் அது தெரியும். எனவே பிற கழகங்கள் மாற்றுத் தொகைகளில் இறைக்கும் பணத்தைப் பில்பாவோ ஊதியத்தில் செலவிடுகிறது. 2019இல் இன்யாக்கி வில்லியம்ஸ் ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில், 13.5 கோடி யூரோ விடுவிப்புத் தொகையுடன், 2028 வரை கையெழுத்திட்டார். அவர் தம்பி நிக்கோ வில்லியம்ஸ், பார்சலோனா வெளிப்படையாக நாடிய நிலையில், 2025 ஜூலையில் 2035 வரை ஒப்பந்தம் நீட்டினார். அவருடைய விடுவிப்புத் தொகை பாதிக்கும் மேல் உயர்த்தப்பட்டது. கானாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பாஸ்க் மண்ணிலும் நவார்ராவிலும் பிறந்து வளர்ந்த இவ்விருவரும் ஊரோடு கொண்ட பிணைப்பு மெய்யானது. ஆயினும் அப்பிணைப்பு பெரிய கழகம் தரக்கூடியதற்கும் பில்பாவோ தரக்கூடியதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நிரப்பியதே அன்றி, முழு ஊதியத்துக்கு ஈடாக நிற்கவில்லை.

ஊர்ப்பற்றின் எல்லையை இரண்டு நிகழ்வுகள் அளந்து காட்டுகின்றன. உலகக் கோப்பை வென்ற ஃபெர்னாண்டோ யொரென்டே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து 2013இல் யுவென்டஸுக்குத் தொகையின்றிச் சென்றார். லெசாமாவில் வளர்ந்தவர் என்பது அவரை நிறுத்தவில்லை. ஹோசேபா எட்செபெரியாவோ பதினைந்தாண்டு ஆட்டத்துக்குப் பின் 2009–10 பருவத்தைக் கடைசியாக ஊதியம் வாங்காமல் ஆடிக் கொடுத்தார். அந்த ஈகைக்கு ஈடு சொல்ல ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டத்தில் எளிதில் வேறொன்று கிடைக்காது. ஆனால் வாழ்க்கை அமைந்த பிறகு ஒருவர் மனமுவந்து தந்தது அது. இருபது வயது இளைஞரிடம் அதை எதிர்பார்த்து எந்தக் கழகமும் வரவுசெலவுத் திட்டம் தீட்ட முடியாது.

இந்த வழிக்குப் பில்பாவோ தந்த விலை பணத்தில் மட்டும் இல்லை. 1984இல் லீக்கையும் ஸ்பானிய அரசர் கோப்பையையும் சேர்த்து வென்ற கழகம், அடுத்த அரசர் கோப்பையைத் தொட 2024 ஏப்ரல் வரை, நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. லீக் பட்டம் இன்னும் திரும்பவில்லை. உறுப்பினர்கள் அந்தக் காத்திருப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இக்கழகத்தின் உண்மையான வலிமை. வேறொரு கழகத்தின் நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தால் அதை வரவழைத்துவிட முடியாது.

போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2001இல் ஃபிஃபா வகுத்த விதிகள், இளம் ஆட்டக்காரரை வளர்த்த கழகத்துக்குப் பயிற்சி இழப்பீட்டையும், பின்னர் நிகழும் மாற்றுத் தொகைகளில் 5 விழுக்காட்டை அவர் 12 முதல் 23 வயது வரை பயின்ற கழகங்களுக்குப் பகிரும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தன. அதே விதிகள் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டுகளில் அதை முறிப்பவருக்கும் அவரைச் சேர்க்கும் கழகத்துக்கும் கடுமையான விளைவுகளை வைத்தன. இன்று சிறு கழகங்களின் கையில் எஞ்சியிருக்கும் காவல் இந்த ஒப்பந்த உறுதி மட்டுமே. மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கழகத்தோடு 2014இல் பிணக்குற்ற ஆட்டக்காரர் லசானா டியாரா தொடர்பான வழக்கில், 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த விதிகளின் முக்கியப் பகுதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. அதையடுத்து ஃபிஃபா விதிகளைத் திருத்தத் தொடங்கியது. ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதன் விலை இனி குறையுமானால், நெடுங்கால ஒப்பந்தத்தை மட்டும் நம்பியிருக்கும் கழகங்களின் நிலை 1996இன் அயாக்ஸை ஒத்ததாகும். நடப்பு ஒப்பந்தத்தையும் பணம் கட்டி முடிக்கலாம் என்னும் கோட்பாட்டோடு ஸ்பெயின் 1985 முதலே வாழ்ந்து வருவதால், அந்த நிலைக்கு நாற்பது ஆண்டு அனுபவத்தோடு வந்து சேரும் கழகங்கள் அந்நாட்டில்தான் இருக்கின்றன.